துண்டும் சீட்டும்

என்னிடம் இருப்பவற்றுள் அதிகப் பெறுமதியானது எது என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் அலுமினியத் தகட்டுத் துண்டு. ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றின் உடற்பகுதியிலிருந்து பிய்ந்தது. ஒரு பக்கத்தில் விமானத்தின் உட்புறத்துக்குப் பூசும் சாம்பல்பச்சை நிறம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் வரிசையாக ரிவெட் ஆணிகள். சிலவற்றுக்குத் தலை இல்லை. ஓரத்தில் 300 என்று தொடங்கும் ஓர் எண் பொறித்திருக்கிறது. பெரிய இயந்திரப் பாகத்தையோ விமானி பிடித்த கைப்பிடியையோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் முகம் வாடிவிடும். அப்போது அதனோடு வைத்திருக்கும் சிறிய சீட்டை நீட்டுவேன். எந்த ஊர், எந்த வயல், விழுந்த நாள் எது, எந்த ஸ்குவாட்ரன் என்னும் விமானப் படையணி, தோண்டி எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. கடைசி வரியில் ஒரு பெயர். அவருடைய உறவினர்கள் இருக்கிறார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. 1940இல் அந்த விமானத்தோடு விழுந்து இறந்த இளைஞரின் பெயர் அது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். வானத்தில் இரைச்சல் கேட்டால் முதலில் பங்கருக்குள் ஓடுவோம். வந்தது ஹெலியா பொம்பரா என்ற பேச்செல்லாம் பிறகுதான். அடுத்த நாள், பிள்ளைகள் நாங்கள் செல் துண்டுகளையும் ரவைக் கோதுகளையும் பொறுக்கப் போவோம். அம்மா கண்டால் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்துவிடுவா. அப்படி வளர்ந்தவன் இங்கிலாந்துக்கு வந்து, கென்ட் பகுதிக் கிராமங்களில் தபால் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, ஓய்வு நாட்களில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் துண்டுகளைத் தேடித் திரிகிறான் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். நீண்ட காலம் நான் விளங்கப்படுத்த முயலவே இல்லை. பெட்டிகளைக் கொட்டிலில் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். போரில் அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைக்குப் போர்ச் சாமானில் என்ன ஆசை என்ற கேள்விக்குப் பயந்தேன். அந்த ஆசை எனக்குள் மெய்யாகவே இருந்தது. பயத்துக்குக் காரணமும் அதுதான்.

அது எங்கே தொடங்கியது என்று சொல்லத் தெரியும். கென்டில் உள்ள ஹோக்கிஞ்சில் பழைய விமானத் தளம் ஒன்று இருந்தது. போர்க் காலத்தில் ஜெர்மானியர் கையிலிருந்த பிரெஞ்சுக் கரைக்கு மிக அருகில் இருந்த தளங்களில் ஒன்று. இன்று அங்கே கென்ட் பிரித்தானியச் சமர் அருங்காட்சியகம் இருக்கிறது. பளபளக்கும் விமானங்களைப் பார்க்கலாம் என்று போனவன் நின்றுவிட்டது, வயல்களிலிருந்து கிளறியெடுத்த உலோகம் அடுக்கியிருந்த இடத்தில். முறுங்கிய குழாய்கள், பிளந்த இயந்திர உறைகள், நசிந்த ரவைகள். விழுந்த விமானம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் தேவைப்படவில்லை. என்னைச் சிறுவயதில் துரத்திய ஒரு பொருள், இப்போது அசையாமல், எண் போட்டு, என் முன்னால் கிடந்தது. எவ்வளவு நேரமும் பார்க்கலாம்; ஓடத் தேவையில்லை. அன்று எனக்குள் வந்தது நிம்மதியும் ஆசையும் கலந்த ஓர் உணர்வு. அதற்குப் பிறகு தபால் கொடுக்கும் ஒவ்வொரு தெருவிலும் வயல்களை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

கென்ட் மண்ணுக்குள் ஏன் இவ்வளவு உலோகம் என்பதை விளங்கிக்கொள்ள 1940ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். ஜெர்மன் வான்படைக்கு எதிரான பிரித்தானியச் சமர் ஜூலை 10இல் தொடங்கி ஒக்டோபர் 31 வரை நடந்ததாகக் கணக்கு. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் பிரான்சிலிருந்து லண்டனுக்குப் போகும் வழியில் கென்ட் இருந்தது. ஆகவே வான்சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஆப்பிள் தோட்டங்களுக்கும் ஹொப்ஸ் கொடிகளுக்கும் மேலேதான் நடந்தது. பிரித்தானியப் போர் விமானப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 3,000 பேரில் 544 பேர் அந்த மாதங்களில் உயிரிழந்தார்கள். விழுந்த விமானங்களை அள்ளிச் செல்வதற்கென்றே சசெக்சில் ஃபேகேட் என்னும் இடத்தில் 49ஆம் பராமரிப்புப் பிரிவு இயங்கியது. அள்ளிய உலோகம் ஒக்ஸ்ஃபோர்டுக்கு அருகே கௌலி போன்ற இடங்களில் குவிக்கப்பட்டு உருக்கப்பட்டது. போல் நாஷ் வரைந்த பெயர்பெற்ற போர் ஓவியம் ஒன்று அந்தக் கௌலிக் குவியலைத்தான் காட்டுகிறது. உடைந்த சிறகுகள் அங்கே கடலலைகளாகப் புரளும்.

ஆனால் அள்ள முடிந்தது மேலே கிடந்ததை மட்டுமே. மிக வேகமாகச் செங்குத்தாக விழும் விமானத்தின் சிறகுகள் மேற்பரப்பிலேயே சிதறும். ஸ்பிட்ஃபயர் போன்றவற்றின் 600 கிலோவுக்கு மேற்பட்ட மெர்லின் இயந்திரமோ களிமண்ணைத் துளைத்துக்கொண்டு பல மீட்டர் ஆழத்துக்குப் போய்விடும். போர் நடுவில் அதைத் தோண்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. குழியை மூடிவிட்டு உழவர் அதன்மேல் விதைத்தார். காற்றுப் புகாத களிமண் தனக்குள் போனதைப் பத்திரமாக வைத்திருந்தது.

1960களிலும் 70களிலும் ஆர்வலர்கள் கூட்டம் கூட்டமாகத் தோண்டத் தொடங்கினார்கள். நல்லதும் நடந்தது, தாறுமாறும் நடந்தது. அவர்கள் கிளறியதில் உலோகத்தோடு மனிதர்களும் வெளிப்பட்டார்கள். 257ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஹியூ பெரஸ்ஃபோர்ட் 1940 செப்டெம்பர் 7ஆம் தேதி, லண்டன் மீது பெருந்தாக்குதல் தொடங்கிய நாளில், தன் ஹரிக்கேன் போர் விமானத்தோடு ஷெப்பி தீவின் சதுப்பில் விழுந்தார். அவருடைய உடல் 1979இல்தான் மீட்கப்பட்டு புரூக்வுட் இராணுவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த 39 ஆண்டுகளும் கல்லறை இல்லாத வான்படையினரில் ஒருவர் அவர். அப்படிக் கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை, 1953இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவகத்தில் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

1986இல் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிரித்தானிய மண்ணிலும் கடலிலும் விழுந்த எந்த இராணுவ விமானத்தையும், அது எந்த நாட்டுடையதானாலும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவதும் அதிலிருந்து எதையாவது எடுப்பதும் குற்றம். உள்ளே மனித உடல் இருக்கக்கூடும் என்றாலோ, வெடிக்காத குண்டு இருக்கும் என்றாலோ பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. நில உரிமையாளர் சம்மதம் வேண்டும். உடலின் எச்சம் தென்பட்டால் அந்த நொடியே வேலையை நிறுத்திக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை இடைஞ்சல் என்று சொல்லும் சேகரிப்பாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். காணாமற்போனவர்கள் உள்ள நாட்டிலிருந்து வந்தவன் நான். அரசு ஒன்று தன் எதிரியின் உடலுக்கும் சேர்த்து இப்படி ஒரு வேலி போட்டிருப்பதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஹோக்கிஞ்ச் மயானத்தில் பிரித்தானிய விமானிகளும் ஜெர்மன் விமானிகளும் ஒரே மண்ணில் கிடக்கிறார்கள். இரு தரப்புக் கல்லிலும் பெயர் இருக்கிறது.

அனுமதியோடு நடந்த ஓர் அகழ்வில் என்னைக் கூலியில்லாத உதவியாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். விமானி பரசூட்டில் குதித்துத் தப்பிய ஒரு ஹரிக்கேன் அது. ஆகவே மண்ணுக்குள் ஆள் இல்லை என்பது உறுதி. அறுவடை முடிந்த வயலில் காந்தமானியோடு நடந்து, முள் உச்சத்துக்குப் போன இடத்தில் முளை அடித்தார்கள். பெக்கோ இயந்திரம் மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் ஒதுக்கியது. பின்னர் அதே வரிசையில் மூடிக் கொடுக்க வேண்டும். சிறிது ஆழம் போனதும் பழுப்பு மண்ணுக்கு நடுவே நீலச்சாம்பல் நிறக் களி தெரிந்தது. அதோடு வாசனையும் வந்தது. அத்தனை வருடம் மண்ணுக்குள் அடைபட்டிருந்த பெற்றோல், எண்ணெய் வாசனை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

என் வேலை, வாளியில் வரும் களியைக் கையால் பிசைந்து கழுவி அரிப்பது. அங்கேதான் உலோகத்தின் சுபாவம் எனக்குப் பிடிபட்டது. துருப்பிடிக்காத உருக்குத் துண்டுகளைக் கழுவினால் நேற்றுச் செய்தவைபோல இருக்கும். அலுமினியம் இடத்தைப் பொறுத்தது. ஓரிடத்தில் பூச்சோடு வரும். வேறோரிடத்தில் வெள்ளை மாவாகக் கையில் உதிரும். மக்னீசியக் கலவைப் பாகங்கள் இருந்த இடத்தில் பல நேரம் கறை மட்டும் மிஞ்சும். ஹரிக்கேனிலும் ஸ்பிட்ஃபயரிலும் எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். இரண்டிலும் ஏறக்குறைய 15 விநாடி சுடத்தான் ரவை. அந்த .303 ரவைக் கோதின் அடியில் செய்த ஆலையின் குறியும் ஆண்டும் அடித்திருக்கும். 1939 என்று பொறித்த ஒரு கோதை விரலால் துடைத்துப் பார்த்தபோது, சிறுவயதில் பொறுக்கிய கோதுகளின் அடியில் என்ன எழுதியிருந்தது என்று ஒருநாளும் பார்க்கவில்லையே என்ற எண்ணம் வந்தது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர், என் தபால் வழியில் இருந்த ஒரு பெரியவர். பொதி கொடுக்கப் போன இடத்தில் அவருடைய கொட்டில் கதவு திறந்திருந்தது. நான் நின்று பார்த்தேன். அவர் உள்ளே வா என்றார். 70களில் தோண்டிய தலைமுறை. எந்தத் துண்டை எடுத்தாலும் அவர் வாயில் ஒரு வயலும் ஒரு நாளும் ஒரு விமானியும் இருந்தார்கள். உட்பூச்சின் நிறத்தையும், பொறித்த எண்ணையும், பரிசோதகர் அடித்த சிறு முத்திரையையும் வாசிக்க அவரிடம் பழகினேன். இயந்திர எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார். அதைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் தொடரெண்ணுக்குப் போகலாம். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஸ்குவாட்ரன்கள் நாளாந்தம் எழுதிய நடவடிக்கைப் பதிவேட்டில் அந்த நாளை எடுத்துப் பார்க்கலாம். யார் எத்தனை மணிக்கு ஏறினார், யார் திரும்பவில்லை என்று தட்டச்சில் இருக்கும். நான் முதலில் குறிப்பிட்ட தகட்டையும் சீட்டையும் தந்தவர் அவர்தான். அந்த விமானியின் உடல் 1940இலேயே மீட்கப்பட்டு முறையாக அடக்கம் செய்யப்பட்டது என்பதையும் அவர் சீட்டில் எழுதியிருந்தார்.

பெரியவர் காலமானார். கொட்டிலைக் காலி செய்ய உதவும்படி அவருடைய மகள் எங்களில் சிலரைக் கூப்பிட்டா. கூரை வரை பெட்டிகள். அழகாகத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அளவு பார்த்து அடுக்கியிருந்தார். சீட்டுகள் மட்டும் சிலவற்றில்தான் இருந்தன. மற்றவற்றுக்கு அவருடைய ஞாபகமே ஏடு. அதை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். நாங்கள் பூதக்கண்ணாடியோடு பல மாலைகள் இருந்தோம். 300 என்று தொடங்கும் எண், இது முதலாம் ரக ஸ்பிட்ஃபயர் என்று சொல்லும். எந்த வயலிலிருந்து வந்தது என்று சொல்லாது. 109 என்று தொடங்கினால் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் என்று தெரியும். ஓட்டி வந்தவனின் தாய் எந்த ஊரில் காத்திருந்தாள் என்று தெரியாது. அவர் கதை சொல்லும்போது என் கையில் கொடுத்த துண்டுகள் அங்கே கிடந்தன. எந்தக் கதை எதனுடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. முகவரி எழுதாத கடிதம் எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருந்தாலும் தபால்காரனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. கடைசியில் சில பெட்டிகள் விமானம் புதுப்பிப்பவர்களுக்கு மாதிரிக்குப் போயின. மிச்சம் பழைய உலோக விலைக்குப் போயிற்று. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு. அந்த லொறி போன பிறகு நான் வாசலிலே உட்கார்ந்து அழுதேன்.

நான் கற்றது அன்றைக்கு. பொருளை மீட்பது பாதி மீட்பு. யாருடையது, எங்கிருந்து, எப்படித் தெரியும் என்பதை எழுதிவைத்தால்தான் மறுபாதி மீள்கிறது. உலகமே இதற்குச் சாட்சி சொல்லும். 1940 மே 24ஆம் தேதி பீட்டர் காசனோவ் என்னும் விமானி அடிபட்ட ஸ்பிட்ஃபயரை பிரான்சில் கலே அருகே கடற்கரையில் இறக்கினார். மணல் அதை விழுங்கியது. 1980இல் கடல் அதைத் திரும்பக் காட்டியது. பி 9374 என்ற அதன் எண்ணும், ஓட்டியவரின் பெயரும், இறங்கிய நாளும் தெரிந்திருந்ததால்தான் அத்தனை செலவில் அதை மீளக் கட்டினார்கள். 2011இல் அது மறுபடி பறந்தது. 2015இல் ஏலத்தில் 31 இலட்சம் பவுணுக்குப் போய், அந்தப் பணம் அறப்பணிக்குச் சென்றது. பெரியவரின் கொட்டிலில் கிடந்ததும் அதே அலுமினியம்தான். அடையாளம் தொலைந்திருந்தால் அதுவும் உப்பில் ஊறிய உலோகம்தான்.

இப்போது என் வழக்கம் இது. ஒரு துண்டு என் கைக்கு வந்தால் அன்றிரவே சீட்டு எழுதிவிடுவேன். கிடைத்த இடம், நாள், எடுத்தவர் யார், எனக்கு யார் சொன்னார். உறுதியாகத் தெரிந்ததை மையால் எழுதுவேன்; ஊகத்தைப் பென்சிலால், ஊகம் என்று குறித்து எழுதுவேன். மண்ணிலிருந்து எடுக்கும் முன் படம் பிடிப்போம். பளபளக்கத் தேய்ப்பதில்லை, தேய்த்தால் பூச்சும் முத்திரையும் போய்விடும். மூங்கில் குச்சியும் மென்தூரிகையும் போதும். காய்ந்தபின் மெல்லிய மெழுகு. கருவிப் பலகையின் முகப்புகளைத் தொடுவதே இல்லை. இருட்டில் தெரிவதற்கு அவற்றின் எழுத்துகளில் ரேடியம் கலந்த சாயம் பூசியிருந்தார்கள். ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளிர்வது எப்போதோ நின்றுவிட்டது, நஞ்சு நிற்கவில்லை. கண்ணாடி உடைந்த முகப்பை வீட்டில் வைத்திருக்கும் ஆர்வலர்கள் இதை வாசித்தால், தயவுசெய்து துறை தெரிந்தவர்களிடம் ஒப்படையுங்கள்.

சீட்டு எழுதும் பழக்கம் வந்தபின் பட்டியல்களையும் ஊன்றி வாசிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் ஒருநாள் ஸ்குவாட்ரன் பெயர்களுக்கு நடுவே சென்னை மாகாணம் என்ற பெயரைக் கண்டேன். போர்க் காலத்தில் அங்கே திரண்ட நன்கொடையை மதித்து 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்குச் சென்னை மாகாணத்தின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மூன்றுமே 1940இல் கென்ட் வானில் சண்டையிட்டவை. 234இல் பறந்த அவுஸ்திரேலியர் பட் ஹியூஸ், பெரஸ்ஃபோர்ட் விழுந்த அதே செப்டெம்பர் 7இல் கென்டில் விழுந்து இறந்தார். வயது 22. என் மொழி பேசுகிறவர்கள் வாழ்ந்த மாகாணத்தின் பெயர், நான் தபால் கொடுக்கும் தெருக்களின் வானத்தோடு இப்படிப் பிணைந்திருக்கிறது. எழுதிவைத்தவர்கள் இருந்ததால் எனக்குத் தெரியவந்தது.

அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தபோது கொட்டிலுக்குள் வந்துவிட்டா. நான் ஒளித்து வைத்தது அத்தோடு முடிந்தது.

"தம்பி, செத்த பிள்ளையின்ர சாமானை ஏன் வச்சிருக்கிறாய்?"

நான் நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை எடுத்துத் தமிழில் வாசித்தேன். ஊர், நாள், பெயர், வயது.

"தாய் தேப்பன் இருந்தவையோ?"

"இருந்தவை அம்மா."

அவ தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தா. "அப்ப பேரை அழியாத மையால எழுதி வை" என்றா.

அந்தக் கிழமையே அம்மாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது அவ தூக்கிக்கொண்டு வந்த சிலவும், பிறகு வீட்டு இடிபாட்டில் பொறுக்கிய சிலவும் அதற்குள் இருந்தன. வீடே இல்லாமற்போன ஒரு கதவின் திறப்பு. ஒரு பாக்குவெட்டி. கழுத்தில் இரண்டு எழுத்து வெட்டிய பித்தளைச் செம்பு. அந்த எழுத்து அம்மாவின் பெயரும் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. அத்தனை வருடமும் அது யாருடையது என்று நான் கேட்டிருக்கவில்லை. அம்மாவின் பெரியம்மாவின் கலியாணச் செம்பு. அவவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவவுடைய படமும் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். பெரியவரின் கொட்டிலில் பார்த்த அதே ஆபத்து என் வீட்டுக்குள்ளும் இருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். இந்தச் செம்பின் ஏடும் ஒரே ஒருவருடைய ஞாபகத்தில்தான் இருந்தது.

போர்ச் சாமானில் என்ன ஆசை என்று இப்போது யாராவது கேட்டால் கூசாமல் பதில் சொல்வேன். விழுந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. பெயரைத் தேடிப் பிடித்துப் பொருளோடு கட்டிவைக்கிறவனுக்கே அதை வைத்திருக்கும் தகுதி உண்டு. அதைச் செய்ய கென்டுக்கு வரவேண்டியதில்லை, அகழ்வு அனுமதியும் வேண்டாம். உங்கள் வீட்டு அலுமாரியில் யாரோ விட்டுப்போன ஒரு பொருளும், அதைப் பற்றித் தெரிந்த ஒரு முதியவரும் இருப்பார்கள். முதியவர் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே எழுதுங்கள். எழுதியதைப் பொருளோடு சேர்த்து வையுங்கள்.